ஒரு மெசினுக்கு ஒரு ஆள்

மாலை ஆறரை மணி. லிந்துலைக்கு மேலே ஏறும் தோட்டத்து ரோடு. ஒரு பக்கம் தேயிலை, ஒரு பக்கம் பள்ளம். பனி இறங்கிவிட்டால் எது எந்தப் பக்கம் என்று தெரியாது... அந்த நேரத்தில், அந்த ரோட்டில், ஒரு பெண் தனியாக நடந்து போனாள்.

கொஞ்சம் பொறுங்கள். கௌசி, அந்தக் கரிச்சட்டியைத் தூக்கி வெளியே வைத்துவிட்டு வா. எனக்கும்தான் குளிர்கிறது. கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொள். பூட்டிய அறைக்குள் கரி நெருப்பு வேண்டாம், ஏன் என்று போகப் போகத் தெரியும். ஜன்னலும் ஒரு விரற்கடை திறந்தே இருக்கட்டும். ஹட்டனில் கரன்ட் போனால் எப்போது வரும் என்று யாருக்குத் தெரியும், மெழுகுதிரி இருக்கிறது, போதும். இந்தக் கதையை நான் சொல்வதாகவே இல்லை. இன்று சாயங்காலம் அலமாரியில் கிடந்த ஜெயந்தினியின் பழைய போன் அடித்ததும், கௌசி ஓடிப்போய் எடுத்ததும்... சரி, அதை அப்புறம் பேசலாம்.

நடந்து போனவள் பெயர் நாகலெட்சுமி. இந்த போர்டிங்கில் என் அறையில் தங்கியிருக்கிறாளே நம் ஜெயந்தினி, இன்றைக்கு ஊருக்குப் போயிருக்கிறாள், அவளுடைய பெரியம்மா மகள். நாகலெட்சுமி ஜெயந்தினியிடம் சொன்னாள். ஜெயந்தினி என்னிடம் சொன்னாள். நடுவில் வேறு யாரும் இல்லை. தோட்டத்தின் பெயரை மட்டும் கேட்காதீர்கள். அங்கே இன்னும் சனங்கள் குடியிருக்கிறார்கள்.

அந்தத் தோட்டத்தில், தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்தில் பிறந்தவள்தான் நாகலெட்சுமி. அவளுக்குப் பத்து வயதாக இருக்கும்போது ஒரு தை மாதக் குளிரில் அவள் அப்பா பழனியாண்டி தகரத்தில் கரியைப் போட்டு ஒற்றையறைக் காம்பராவுக்குள் வைத்துக்கொண்டு கதவைச் சாத்திப் படுத்தார். காலையில் எழும்பவில்லை. அன்றைக்கு அம்மா ஊரில் இல்லை; நாகலெட்சுமி பக்கத்துக் காம்பராவில் சிநேகிதியோடு படுத்திருந்ததால் தப்பினாள். அப்பாவின் முகத்தை அவள் மறக்கவே இல்லை. செத்தவர் முகம் வெளிறிப் போகும் என்பார்கள் அல்லவா? இவர் முகம் சிவந்து, அப்போதுதான் குளித்துவிட்டு வந்தவர் முகம் மாதிரி நல்ல களையாக இருந்ததாம். கரிப்புகையில் வருகிற அந்த விஷக்காற்றுக்கு வாசமும் கிடையாது, நிறமும் கிடையாது. ஆளைத் தூங்க வைத்து, முகத்தைச் சிவக்க வைத்துவிட்டுப் போய்விடும்.

அந்தச் சிநேகிதியின் பெயர் சுலக்ஷனா. அடுத்தடுத்த காம்பரா, ஒரே வகுப்பு, ஒரே குடை. இரண்டு பேரும் கம்பஸ் போய் இரசாயனம் படித்தார்கள். நாகுவுக்குக் கை ஓடும், வாய் ஓடாது. சுலோவுக்கு வாய் அருவி. இங்கிலீசிலும் ஓடும், சிங்களத்திலும் ஓடும்.

படிப்பு முடிந்து சில வருடம் வெளிநாட்டு ஆய்வுகூடத்தில் இருந்துவிட்டு இரண்டு பேரும் திரும்பி வந்த சமயம், கொழும்புக் கம்பனி ஒன்று அவர்கள் தோட்டத்திலேயே மூடிக்கிடந்த தேயிலை ஸ்டோரை, அந்தப் பழைய தொழிற்சாலையை, எடுத்து ஆய்வுகூடமாக்கியது. ரோலர்கள் உருண்ட கீழ்த் தளத்தில் ஒரு புது மெசின் வந்து இறங்கியது. நான் கணக்கு டீச்சர், எனக்குப் புரிந்த மட்டில் சொல்கிறேன்.

மெசினுக்குள் ஒரு கைப்பிடி வெள்ளைப் பொடியைப் போட்டு, உள்ளே இருக்கும் காற்றையெல்லாம் உறிஞ்சி எடுத்துவிடுவார்கள். பக்கத்தில் ஒரு சின்னப் போத்தலில் பிளாட்டினம் கலந்த மருந்து சூடாக இருக்கும். அதன் ஆவியை ஒரு கணம் உள்ளே திறந்து விடுவது... டிக். அந்த ஆவி பொடியின்மேல் எங்கெல்லாம் இடம் இருக்கிறதோ அங்கெல்லாம் உட்காரும். இடம் முடிந்தால் முடிந்ததுதான். ஒன்றின் மடியில் ஒன்று ஏறாது, நம் ஹட்டன் பஸ் போல இல்லை. மிஞ்சியதை நைட்ரஜன் ஊதித் துடைத்துத் தள்ளிவிடும்... ஸ்ஸ்ஸ். அடுத்து ஓசோன்... டக். அது வந்து, உட்கார்ந்த மருந்தின் மேல்சட்டையை எரித்துவிட்டு உலோகத்தை மட்டும் விட்டுவைக்கும். மறுபடி ஸ்ஸ்ஸ். இது ஒரு சுற்று. இப்படிச் சுற்றுக்குச் சுற்று உலோகம் பொட்டுப் பொட்டாக முளைத்து வளரும். கண்ணுக்குத் தெரியாத பொட்டு. வெள்ளைப் பொடி மெல்ல மெல்லச் சாம்பல் நிறமாவது மட்டும்தான் நமக்குத் தெரியும்.

அந்தச் சாம்பல் பொடியை ஒரு தட்டில் பூசி அடுப்புக்கு மேலே வைத்தால், பழனியாண்டியைக் கொண்டுபோன அந்த விஷக்காற்றை அது கெடுதலில்லாத காற்றாக மாற்றிவிடும். லயத்துக் காம்பரா ஒவ்வொன்றிலும் ஒன்று தொங்கவேண்டும் என்பதுதான் நாகலெட்சுமியின் ஆசை. ஆனால் அளவு மீறி ஓட்டினால் பொட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிப் பெருத்துவிடும். பிறகு அந்தப் பொடி ஒன்றுக்கும் உதவாது. எங்கே கையை எடுப்பது என்பதுதான் வித்தை. சூட்டைக் குறைத்து, ஓசோனை மட்டாக விட்டு, இன்ன சாம்பல் வந்ததும் நிறுத்து என்று கண்டுபிடித்தவள் நாகு. அவள் ஒருத்திதான்.

இப்போது முக்கியமான ஒன்று. கௌசி, நீயும் கேள்.

அந்த ஸ்டோரின் வாசலில் ரோதமுனியின் கல் இருக்கிறது. மெசின்களுக்குக் காவல் தெய்வம். அந்த ஸ்டோரில் ஒரு பழக்கம் உண்டு. புது மெசினை ஓட்டும் முன் தேங்காய் உடைத்து, ஓட்டப்போகிறவர் தன் பெயரை முனியிடம் சொல்லவேண்டும். அன்றிலிருந்து அந்த மெசினுக்கு அவர்தான் ஆள். விலகுவதென்றால் சும்மா விலக முடியாது. புது ஆள் வந்து, மெசின் சத்தம் காதில் விழும்போது, தன் வாயால் தன் பெயரைச் சொல்லவேண்டும். அதுவரைக்கும் பழைய ஆள்தான் பொறுப்பு. லீவில் போனாலும் சரி, வேறெங்கே போனாலும் சரி.

கம்பனிக்காரர்கள் இதைக் கேட்டுச் சிரித்தார்கள். இவர்கள் இரண்டு பேரும் சிரிக்கவில்லை. தோட்டத்துப் பிள்ளைகள் அல்லவா? தேங்காயும் சூடமும் வாங்கிக்கொண்டு கல்லுக்கு முன்னால் போய் நின்றார்கள். வாச்சர் நல்லமுத்துதான் கூட நின்றார்.

"ரெண்டு பேரும் சேந்து சொல்லலாமாண்ணே?" என்று கேட்டாள் சுலோ.

"ஒரு மெசினுக்கு ஒரு ஆளுதாம்மா."

நாகு ஒரு அடி பின்னால் நகர்ந்தாள். "நீயே சொல்லுடி" என்றாள். சந்தோஷமாகத்தான் சொன்னாள். சுலோ கண்ணை மூடிக்கொண்டு தன் பெயரைச் சொன்னாள்.

பிறகு நடந்ததை நீங்களே ஊகித்திருப்பீர்கள். வேலை பலித்தது. கொழும்பில் பெரிய கூட்டம், அமைச்சுக்காரர்கள், வெளிநாட்டுக்காரர்கள். "நீ மெசினப் பாத்துக்கடி, நான் போயி நம்ம ரெண்டு பேருக்குமா சேத்துப் பேசிட்டு வந்திடுறேன்" என்றாள் சுலோ. நாகு அந்த இரவு முழுவதும் மெசின் பக்கத்திலேயே கிடந்தாள். மறுநாள் பேஸ்புக்கில் படம் வந்தது. சுலோ பொன்னாடை போர்த்தி நிற்கிறாள். மலையகத்தின் தனியொரு பெண் சாதித்தாள் என்று எழுதியிருந்தார்கள். தனியொரு பெண்.

நாகு போன் போட்டுக் கேட்டாள். "ஒரு பேருதான் போடலாம்னுட்டாங்கடி, நான் என்னா செய்ய?" என்றாள் சுலோ. அதைக்கூட நாகு பொறுத்துக்கொண்டிருப்பாள். ஆனால் மேனேஜர் வந்து, யார் இந்த நாகலெட்சுமி என்று சுலோவிடம் கேட்டபோது, நாகு கதவுக்கு இந்தப் பக்கம் நிற்பது தெரியாமல் சுலோ சொன்னாள்: "அது எனக்கு ஒத்தாசையா நின்ன புள்ளைங்க சார்."

அன்றைக்கே நாகு கிளம்பிவிட்டாள். அம்மாவைக் கூட்டிக்கொண்டு ராகலைக்குப் போய் ஒரு பள்ளிக்கூடத்தில் விஞ்ஞான டீச்சராகச் சேர்ந்தாள். சுலோவின் நம்பரை ப்ளாக் பண்ணினாள். வீட்டில் யாராவது சுலோ என்று வாயெடுத்தால் சாப்பிட்ட கையோடு எழும்பிப் போய்விடுவாள். அதனால் யாரும் அந்தப் பேச்சை எடுப்பதில்லை. தோட்டத்தில் என்ன நடந்தது என்று அம்மாவுக்குத் தெரிந்திருந்தும், நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளிக்கொண்டே போனாள். அந்தத் தள்ளிப்போடல்தான் வினையாகிவிட்டது.

ஒரு வெள்ளிக்கிழமை, பள்ளிக்கூடம் விடுகிற நேரம், நாகுவின் போன் அடித்தது. சுலோவின் குரல்.

"நாகு... வாடி. மெசினு நிக்க மாட்டேங்குது. ஒன்னைய விட்டா யாருக்கும் தெரியாதுடி."

அவ்வளவுதான். கட். அந்தக் குரலுக்குப் பின்னால் டிக்... ஸ்ஸ்ஸ்... டக்... ஸ்ஸ்ஸ் என்று கேட்டதாம்.

போகாமல் இருந்திருக்கலாம். நீங்கள் என்றால் போயிருப்பீர்களா என்று எனக்குத் தெரியாது. நான் என்றால் போயிருப்பேன். முகத்துக்கு நேரே நின்று நாலு வார்த்தை கேட்கவேண்டும் என்று ஒருத்தி எத்தனை மாதமாக வயிற்றுக்குள் வைத்துக்கொண்டிருப்பாள்! நுவரெலியாவுக்கு ஒரு பஸ், அங்கிருந்து லிந்துலைக்கு ஒரு பஸ், அங்கிருந்து த்ரீவீல். பாதி ரோட்டில், பாலத்தடியில், த்ரீவீல்காரன் நிறுத்திவிட்டான்.

"இதுக்கு மேல வரமாட்டேங்க டீச்சர். ஸ்டோருக்குன்னு சொல்லாம ஏறிட்டீங்க. அங்க இப்ப யாரு இருக்கா?"

கோபத்தில் அவள் காதில் அது விழவே இல்லை. காசைக் கொடுத்துவிட்டு நடந்தாள். நான் தொடக்கத்தில் சொன்னது அந்த நடைதான்... ஆறரை மணி... பனி... 

முதலில் சத்தம் வந்தது. ரோட்டின் வளைவிலேயே கேட்டது. டிக்... ஸ்ஸ்ஸ்... டக்... ஸ்ஸ்ஸ். கிட்டே போகப் போக வாசம் வந்தது. இடி விழுந்த பிறகு காற்றில் ஒரு காந்தல் வாசம் வருமே, அது ஓசோன். அதோடு பழைய தேயிலைத் தூசியின் வாசம். கேட் திறந்து கிடந்தது. வாச்சரைக் காணவில்லை. முனியின் கல்லடியில் விளக்கு இல்லை. உடைத்த தேங்காய் மூடி ஒன்று பூசணம் பிடித்து மல்லாந்து கிடந்தது.

உள்ளே மின்விளக்கு எரியவில்லை. மெசினின் முகப்பில் இருக்கிற பச்சை வெளிச்சம் மட்டும். அந்த வெளிச்சத்தில், ஸ்டூலில், வெள்ளைக் கோட்டுப் போட்டு, முதுகைக் காட்டிக்கொண்டு சுலோ உட்கார்ந்திருந்தாள்.

"வந்திட்டியாடி..."

திரும்பினாள். மெலிந்திருப்பாள், வாடியிருப்பாள் என்றுதான் நாகு நினைத்துக்கொண்டு போனாள். இல்லை. கன்னமெல்லாம் சிவந்து, முன்னைவிட நன்றாகவே இருந்தாள். அதைப் பார்த்ததும் நாகுவுக்கு வயிறு எரிந்தது. என்னை இந்த நிலைக்கு ஆளாக்கிவிட்டு இவள் மட்டும் செழிப்பாக இருக்கிறாளே!

பஸ்ஸில் வரும்போது என்னென்ன கேட்பது என்று வரிசைகட்டி வைத்திருந்தாள். எல்லாம் போய் ஒன்றுதான் வந்தது.

"ஒத்தாசையா நின்ன புள்ளயாடி நான்?"

டிக்... ஸ்ஸ்ஸ்...

"எங்கப்பா செத்த அன்னைக்கு ஒன் போர்வைக்குள்ளதானடி நான் படுத்திருந்தேன்? நான் எதுக்காக இந்தப் பொடியக் கட்டிக்கிட்டு அழுதேன்னு ஒனக்குத் தெரியாதா? ஊரு ஒலகத்துல எவளாச்சும் செஞ்சிருந்தா போகுதுன்னு விட்டிருப்பேன். நீ செஞ்சியேடி!"

டக்... ஸ்ஸ்ஸ்...

"எல்லாம் ஒன்னோடதுதான் நாகு" என்றாள் சுலோ. "சூட்டக் கொறச்சது நீ. ஓசோன மட்டுப்படுத்துனது நீ. எந்த எடத்துல நிப்பாட்டணும்னு கண்டவ நீ. நான் வெறும் வாயிடி."

நாகு அந்த இடத்திலேயே உடைந்துவிட்டாள். இத்தனை மாதமாக அவள் ஏங்கியது இந்த ஒரு வார்த்தைக்குத்தான். பொன்னாடை வேண்டாம், படம் வேண்டாம். இது நீ செய்தது என்று அந்த ஒரு வாய் சொல்லவேண்டும். சொல்லிவிட்டதே! முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். கோபமெல்லாம் எங்கே போனது என்று அவளுக்கே தெரியவில்லை.

"அப்ப ஏண்டி அப்படிச் செஞ்ச?"

"ஒருத்தர் ஒக்காரத்தான் எடம் இருந்துச்சு. நான் முந்திக்கிட்டேன்... பாருடி, நிக்க மாட்டேங்குது."

நாகு கண்ணைத் துடைத்துக்கொண்டு கண்ணாடி வழியாக உள்ளே பார்த்தாள். சாம்பல் நிறத்தைத் தாண்டிப் பொடி கறுத்துப் போயிருந்தது. கரி மாதிரி.

"ஐயோ, எல்லாம் ஒட்டிப் போயிருக்கும்டி. கெட்டுப்போச்சு. எப்பவோ நிப்பாட்டியிருக்கணும்."

"என் பேச்சக் கேக்க மாட்டேங்குது. இது ஒன்னோடதுன்னு அதுக்கும் தெரிஞ்சிருக்கு." சுலோவின் குரல் மிகவும் மெதுவாக, ஆசையாக இருந்தது. "எல்லார் முன்னாலயும் என் பேரச் சொல்லிட்டேன். இப்ப நீ சொல்லுடி. ஒருக்கா ஒன் வாயால சொல்லு. இது யாரோடது?"

கேட்டீர்களா? ஒன் வாயால...

முனியின் பழக்கத்தைப் பிறந்ததிலிருந்து கேட்டு வளர்ந்தவள் நாகலெட்சுமி. வேறு யாராவது கேட்டிருந்தால் சுதாரித்திருப்பாள். ஆனால் அந்த நேரத்தில் அவள் நெஞ்சில் முனியும் இல்லை, கல்லும் இல்லை. தட்டிப் பறித்த பொருளைத் திருப்பிக் கையில் கொடுக்கும்போது யார்தான் யோசிப்பார்கள்?

"என்னோடது" என்றாள். "இது நாகலெட்சுமியோடது."

டிக்...

அதற்கு மேல் சத்தம் வரவில்லை. நின்றுவிட்டது.

அவ்வளவு நேரமும் அசையாமல் உட்கார்ந்திருந்த சுலோ எழும்பினாள். கோட்டைத் தட்டிவிட்டுக்கொண்டாள். பொன்னாடை போர்த்திய படத்தில் சிரித்தாளே, அதே சிரிப்புச் சிரித்தாள். ஸ்டூலைக் காட்டி, "ஒக்காருடி" என்றாள். பிறகு நாகுவின் பக்கம் திரும்பாமலே கதவைத் தாண்டிப் போனாள். காலடிச் சத்தம் வரவில்லை.

சொன்னபடியே நாகு அந்த ஸ்டூலில் உட்கார்ந்தாள். உட்கார்ந்ததும்தான் மறுபடி தொடங்கியது. டிக்... ஸ்ஸ்ஸ்... டக்...

"யாரது உள்ள?"

டோர்ச் வெளிச்சம் முகத்தில் அடித்தது. வாச்சர் நல்லமுத்து. அவர் டோர்ச்சைச் சுற்றிலும் திருப்பியதில் வெளிச்சம் சுவரெல்லாம் ஓடியது. அந்த வெளிச்சத்தில் நாகு பார்த்தாள்... மெசின் இல்லை. தரையில் மெசினைப் பூட்டியிருந்த ஆணித் துளைகள் மட்டும் இருந்தன. பெரிய வெறும் தளம், நடுவில் ஒரு ஸ்டூல், அதில் இவள்.

"டீச்சரம்மா! நீங்க எப்படி உள்ள வந்தீங்க? கேட்டு பூட்டியில்ல இருக்கு, சாவி என் மடியில இருக்கு."

"சுலோ இப்பத்தான் வெளிய போச்சுண்ணே..."

நல்லமுத்து கதவுப் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தார்.

"ஒங்களுக்குச் சொல்லலியாம்மா? அந்தப் புள்ளைக்குக் கருமாதியே முடிஞ்சிருச்சே. இதே எடத்துலதான்... ஸ்டூல்ல ஒக்காந்த மாதிரியே இருந்துச்சு. பொகையும் இல்ல, நெருப்பும் இல்ல. மொகம் மட்டும் செவசெவன்னு... பெறகு மெசினக் கழட்டிக் கொழும்புக்குக் கொண்டு போயிட்டாங்க." டோர்ச்சைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்: "ஏம்மா... உள்ள வச்சு ஏதும் பேசுனீங்களா? பேர ஏதும் சொல்லிட்டீங்களா?"

பயம் நாகுவுக்கு அப்புறம்தான் வந்ததாம். முதலில் வந்தது வேறு. இரண்டு தடவை. உயிரோடு இருந்தபோது ஒரு தடவை, செத்த பிறகும் விடாமல் இன்னொரு தடவை. முதல் தடவை என் பெயரை எடுத்து ஏமாற்றினாள், இரண்டாவது தடவை என் பெயரைக் கொடுத்து ஏமாற்றிவிட்டாள். இதைச் சொல்லிச் சொல்லித்தான் ஜெயந்தினியின் மடியில் கிடந்து அழுதாள். ராகலைக்குத் திரும்பி வரும் பஸ்ஸில்தான் அவளுக்கு இன்னொன்று ஞாபகம் வந்தது. சுலோவின் நம்பரை அவள் ப்ளாக் பண்ணித்தானே வைத்திருந்தாள்?

மடியில் கிடந்து அழுத அன்றைக்கு ஜெயந்தினியின் கையைப் பிடித்துக்கொண்டு அவள் சொன்ன வார்த்தையைக் கேளுங்கள்.

"நான் சுலோ இல்லடி. எனக்கு என்னா நடந்தாலும் சரி, நான் யாரையும் கூப்புட மாட்டேன். என்னோடயே போகட்டும். ஒன் தலையில அடிச்சுச் சத்தியம் பண்றேன்."

அதற்குப் பிறகு சில மாதம் இருந்தாள். கம்பனி மேனேஜர் ராகலைக்கே தேடி வந்தார். சுலோ போன பிறகு கொழும்பில் யார் ஓட்டினாலும் அந்தப் பொடி சரியாக வரவில்லையாம். மன்னிப்புக் கேட்டார். நாகுவின் பெயரைப் போட்டார்கள், பத்திரிகையில் படத்தோடு வந்தது. எது வேண்டும் என்று ஏங்கினாளோ அது அப்படியே வந்து சேர்ந்தது. பத்திரிகையை ஒரு தடவை பார்த்துவிட்டு அம்மாவிடம் கொடுத்துவிட்டாள். சாயங்காலம் ஆறரை ஆனால் மட்டும் பேச்சை நிறுத்திவிட்டு எதையோ கேட்பாள். "மெசினு ஓடுது" என்பாள். வீட்டில் வேறு யாருக்கும் ஒன்றும் கேட்காது.

ஒரு நாள் காலையில் எழும்பவில்லை. அப்பா போனதிலிருந்து அவள் ஜன்னலைச் சாத்திப் படுத்ததே இல்லை. அன்றைக்கும் ஜன்னல் திறந்துதான் இருந்தது. அறையில் அடுப்பு இல்லை, கரி இல்லை, ஒரு ஊதுபத்திகூட இல்லை. கரிப்புகை விஷம் என்றுதான் ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். எங்கிருந்து வந்தது என்று அவர்களுக்கும் தெரியவில்லை. பெட்டியில் வைத்தபோது அவள் முகம் அப்போதுதான் குளித்துவிட்டு வந்த முகம் மாதிரி இருந்தது என்று ஜெயந்தினி சொன்னாள்.

கருமாதி முடிந்த மறுநாள், ஆறரை மணிக்கு, ஜெயந்தினியின் போன் அடித்தது.

"ஜெயந்தினி... அக்கா பேசுறேன்டி. ஒன்னைய மட்டுந்தான்டி நம்புறேன்..."

ஜெயந்தினி போனைத் தூக்கி எறிந்துவிட்டாள். எனக்கு இன்றைக்கும் சுலோவின் மேல் அவ்வளவு கோபம் இல்லை. அவள் அப்படிப்பட்டவள் என்று தெரிந்ததுதானே? நாகலெட்சுமியின் மேல்தான் எனக்கு ஆறவில்லை. ஏமாந்தவளுக்கு அந்த நோவு தெரியும். தலையில் அடித்துச் சத்தியம் பண்ணினாள். பண்ணிவிட்டு, கூடப்பிறந்த தங்கையைப் போலத் தான் வளர்த்தவளையே முதலில் கூப்பிட்டாளே... அந்த ஸ்டூலில் உட்கார்ந்தால் அப்படித்தான் ஆகிவிடுமோ என்னவோ. தனியாக, அந்தச் சத்தத்துக்குள்ளே, முடிவே இல்லாமல்...

ஜெயந்தினி அன்றைக்கே அந்தப் போனை ஆஃப் பண்ணிவிட்டாள். வேறு போன், வேறு நம்பர் வாங்கினாள். பழையதை வீசவும் பயம், வைத்திருக்கவும் பயம். கடைசியில் அலமாரியின் மேல்தட்டில் போட்டுவிட்டாள். நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள், நீல உறை போட்ட போன்.

கௌசி, நீ புதிதாக வந்தவள், உனக்கு ஒன்றும் தெரியாது. உன்மேல் பிழை இல்லை. சாயங்காலம் கரன்ட் போன கையோடு அது அடித்தது, நீ எடுத்தாய். "லைன் சரியில்ல டீச்சர், டிக் டிக்குன்னு கேட்டுச்சு. யாரோ ஒரு அக்கா. ஜெயந்தினி டீச்சர் இல்லைன்னு சொல்லிட்டேன்" என்று வந்து சொன்னாய்.

அந்தப் போனுக்குள் சிம் இல்லை கௌசி. கழற்றி உடைத்துப் போட்டதை என் கண்ணால் பார்த்தேன்.

அந்த அக்கா வேறு ஏதாவது கேட்டாளா? ஜெயந்தினி இல்லையென்று சொன்னதும்... சரி, அப்ப நீங்க யாரு பேசுறது என்று கேட்டாளா?

நீ சொன்னாயா?

ஏன் தலையைக் குனிகிறாய்... நிமிர்ந்து பார். யாராவது அந்த மெழுகுதிரியை இப்படிக் கொண்டுவாருங்கள். கிட்டே. இன்னும் கிட்டே.

கௌசி... கரிச்சட்டியை வெளியேதானே வைத்தாய்? ஜன்னலும் திறந்துதானே இருக்கிறது?

பிறகு ஏன் உன் முகம் இப்படிச் சிவந்திருக்கிறது?